இரண்டாவது வண்டி

லோமா வெர்தே, கலிபோர்னியா
1951 நவம்பர் 11, ஞாயிறு

அன்பு மகன் டெல்மருக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா அதை நின்றபடியே ஒரு தரம் படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தாள். டெக்சாஸ் முகாமில் சாப்பாடு மோசமில்லை என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் அவள் நம்பவில்லை. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதையெல்லாம் எழுத எனக்கு அவ்வளவாக வராது. இருபத்திரண்டு வருடமாக நான் எழுதியதெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் ரிப்போர்ட்தான். இதுவும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆரஞ்சு பறிப்பு தொடங்கிவிட்டது. பழம் பெட்டி கட்டும் கொட்டகையில் இந்த வாரம் இரண்டு முறை பெல்ட் அறுந்து வேலை நின்றதாம். அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யத் தெரிந்தவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ராமிரோவை மாவட்டச் சிறையில்தான் வைத்திருக்கிறார்கள். அவன் அம்மாவால் ஜாமீனுக்கு வழி செய்ய முடியவில்லை. ஜனவரி நடுவில் விசாரணை. சாலையில் கார்ப் பந்தயம் ஓட்டி நட்ஸன் பெரியவர் சாவுக்குக் காரணமானான் என்பது வழக்கு. நிரூபணமானால் சில வருடங்கள் உள்ளே இருக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். இனி அப்படி எழுதாதே. உன் கடிதங்களை அம்மாதான் முதலில் பிரிக்கிறாள். நல்லவேளையாக, நண்பன் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டாள். நண்பன் மாட்டிக்கொண்ட துக்கம் தாங்காமல் நீ பட்டாளத்தில் சேர்ந்தாய், உன் காரை நான் விற்றுவிட்டேன், அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது அப்படியே இருக்கட்டும். எழுதியே ஆகவேண்டும் என்றால் ஸ்டேஷன் முகவரிக்கு எழுது. நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

உன் கார் கிளப் பையன்கள் வண்டிகளின் பின்னால் மாட்டியிருந்த கிளப் பெயர்ப்பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். அந்த லெஸ்டர் இருக்கிறானே, ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டும்போது, "சார்ஜென்ட், உங்க வண்டிக்கு ரெண்டாவது கியர் இருக்கா, இல்ல நாங்க எல்லாரும் சேந்து ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்று கத்திக்கொண்டு போவானே, அவன் இப்போது என்னைக் கண்டால் ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிடுகிறான். பக்கத்து ஊர் போலீஸ்காரர்கள் இதைப் பார்த்து என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கிண்டலே மேல்.

இன்று சர்ச் வாசலில் நட்ஸன் பெரியவரின் மனைவி என்னிடம் வந்தார். கறுப்பு உடுப்பில் பாதியாய்ப் போயிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க அந்தப் பயலை அங்கயே பிடிச்சீங்களே சார்ஜென்ட், அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தொப்பியைக் கழற்றி நின்றேன். வேறென்ன செய்ய.

மேலதிகாரி சொல்வதைக் கேள். பேச்சைக் குறைத்துக்கொள். கடவுள் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
ஹார்லன் ப்ரூயிட்


லோமா வெர்தே
1951 டிசம்பர் 16, ஞாயிறு

டெல்மர்,

இதை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பார்க்க மாட்டாள். நீ படித்ததும் கிழித்துவிடு என்று எழுத நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். உன் இஷ்டம்.

நாலு நாளாக உறைபனி. பழம் உறையாமல் இருக்கத் தோப்புகளில் மூட்டிய எண்ணெய் அடுப்புகள் எரிந்து ஊரெல்லாம் கரும்புகை. காயப்போட்ட துணி, மூக்குத் துவாரம், பால் பாட்டில் மூடி, எங்கும் கரி. அம்மாவுக்கு இருமல். அந்த இருமலோடும் வியாழன் தவறாமல் ராமிரோவின் அம்மா சோலெடாட் வீட்டுக்குப் போய்விடுகிறாள். போன வாரம் கோழிக்கறி கொண்டுபோனாள். அங்கே இரண்டு பேரும் உன் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்தே சொல்லி ஜெபிக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்கிறாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராமிரோவைப் பார்க்கப் போனேன். வேலை நிமித்தம் ஒன்றும் இல்லை. போனேன். சனிக்கிழமைதோறும் நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, "ப்ரூயிட் அம்மா, இன்னொரு துண்டு குடுத்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்று தட்டை நீட்டுவானே, அந்த முகத்தை அங்கே தேட வேண்டியிருந்தது. இளைத்துவிட்டான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று நேராகவே கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா சார்? எங்க எஸ்கலான்டே வீட்டுப் பையன் கை காட்டினான்னு போலீஸ்காரர் புள்ளைய யாராவது வந்து பிடிப்பாங்களா?" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். பிறகு, "அதோட, நான் எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் பாத்தீங்களே. நான் கால்வாய்த் தண்ணில அந்தப் பெரியவரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிமிந்தப்ப, நீங்க என்னையும் பாக்கல, அவரையும் பாக்கல. ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னீங்க. உங்களுக்குத் தெரியும். நீங்களே எழுதுங்க" என்றான்.

வெளியே வந்து வண்டியில் ஏறி, சாவியைப் போடாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அன்று நடந்ததை நீயும் நானும் இதுவரை முழுதாகப் பேசவில்லை. அதை ஒரு தரமாவது தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் ஏழாம் தேதி, ஞாயிறு, பிற்பகல் நாலு மணி. கால்வாய்ச் சாலையில் பந்தயம் என்று எனக்குத் துப்பு வந்தது. யூகலிப்டஸ் வரிசைக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்தினேன். உன் பச்சை ஃபோர்டும் ராமிரோவின் சாம்பல் நிறக் காரும் ஒன்றாக வந்தன. மட்கார்டு கழற்றி, கூரை வெட்டி, அந்தப் பழைய வண்டியை நீ அப்படி ஆக்கியிருந்தாய். அதற்குப் பூசிய ராணுவ மிச்சப் பெயின்ட்டை வாங்கி வந்தவன் நான்தான், அது வேறு கதை. பம்ப் கொட்டகைதான் எல்லை. இரண்டு வண்டியும் அதைத் தாண்டின. நீதான் முன்னால். அங்கே பந்தயம் முடிந்தது, டெல்மர். இரண்டு பேருமே வேகத்தைக் குறைக்கத் தொடங்கினீர்கள். சத்தம் இறங்கியது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நான் சைரனைப் போட்டேன்.

போட்டிருக்க வேண்டாம். இரண்டு வண்டியும் யாருடையவை என்று எனக்குத் தெரியும். மாலையில் வீட்டு வாசலிலேயே உன்னைப் பிடித்திருக்கலாம். ஆனால் துரத்த வேண்டும் என்று இருந்தது. ஒரு வருடமாக ஊர்ப் பையன்கள் என்னைக் கேலி செய்த எரிச்சல். அதில் என் மகனும் ஒருவன் என்ற எரிச்சல்.

ராமிரோ பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. நீ மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தாய். நட்ஸன் பெரியவர் காலிப் பெட்டிகளோடு தன் தோப்புச் சந்திலிருந்து லாரியை வெளியே எடுத்தார். உன் காரின் பின்பக்கம் அவர் வண்டியின் மூக்கில் இடித்தது. லாரி புரண்டு கால்வாயில் விழுந்தது. ராமிரோ நிறுத்திவிட்டுத் தண்ணீரில் குதித்தான். நான் வந்து சேர்ந்தபோது அரை மைல் தள்ளி ஒரு பச்சைப் புள்ளி போய்க்கொண்டிருந்தது.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: வந்த வண்டிக்கு ஒதுங்கும்போது லாரி கவிழ்ந்தது. இரண்டாவது வண்டி: அடையாளம் தெரியவில்லை. லாரியின் பம்பரில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ட்டை என் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தது ரிப்போர்ட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது நீ கார் ஷெட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாய். "நிறுத்தத்தான் நெனச்சேன்ப்பா. சைரன் உங்களோடதுன்னு தெரிஞ்சுது. கால எடுக்க வரல" என்றாய். மூன்றே வாக்கியம். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. நான்தான் பேசினேன். பேசிப் பேசி உன்னைப் பட்டாள ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் விட்டேன். கார் விற்கப்படவில்லை. என் அத்தை மகனின் வாதுமைத் தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் நீங்கள் ஏழெட்டுப் பேர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நகரசபைக் கூட்டத்துக்கு வந்தீர்களே, போர் முடிந்ததிலிருந்து சும்மா கிடக்கும் விமான ஓடுதளத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுங்கள், சாலைப் பக்கமே வர மாட்டோம் என்று மனு கொடுத்தீர்களே. எல்லார் சார்பிலும் நீதான் பேசினாய். நன்றாகப் பேசினாய். போலீஸ் என்ன நினைக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். நான் எழுந்து, "ரோட்டுல ஒழுங்கா ஓட்டத் தெரியாதவனுக்கு ரன்வே எதுக்கு? இன்னைக்கு ரன்வே கேப்பான், நாளைக்கு விமானம் கேப்பான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் மனுவை மடித்து, மறுபடி மடித்து, பைக்குள் வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாய். அந்தச் சிரிப்பில் மனு தோற்றது. நம் பக்கத்து ஊரில் அப்படி ஒரு இடம் விட்டுவிட்டார்கள். அங்கே போலீஸ்காரர்களே கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பந்தய நேரம் சொல்கிறார்களாம்.

அரசு வக்கீல் என்னை முதல் சாட்சியாகப் போட்டிருக்கிறார். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று சொல்லவா? கொரியாப் போருக்குப் போகும் கப்பல்களின் செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம், உன்னைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேனா என்று சந்தேகம் வருகிறது.

அம்மா பின்னிய கம்பளிக் காலுறை தனியாகத் தபாலில் வரும். கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருக்காதே, யாருடனாவது இரு.

அப்பா


லோமா வெர்தே
1952 ஜனவரி 17, வியாழன்

அன்பு மகனே,

இதை விமானத் தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். மெதுவாக, ஆனால் கடைசிவரை படி.

நேற்று சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ரிப்போர்ட்டில் உள்ளபடியே பதில் சொன்னேன். பொய் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது வழுக்கிக்கொண்டு வந்தது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

பிறகு ராமிரோவுக்காக நீதிமன்றம் நியமித்த வக்கீல் எழுந்தார். கிரீலி என்று ஒரு இளைஞர், தொளதொளவென்று கோட்டு. அவர் கையில் எந்தத் துருப்புச்சீட்டும் இல்லை, கேட்க வேண்டுமே என்று கேட்டார். "சார்ஜென்ட், ரெண்டாவது வண்டி என்ன நிறம்னு ஞாபகம் இருக்கா?"

ராமிரோ என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவன் உட்காரும் விதம் அது. நான் எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் பார்த்திருக்கிறேன். செய்தவன் அப்படி உட்கார மாட்டான்.

"பச்சை" என்றேன். "அது என் மகனுடைய வண்டி."

ஜட்ஜ் குனிந்து, "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா சார்ஜென்ட்? வக்கீல் வெச்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். புரிகிறது என்றேன். மீதியையும் சொன்னேன். பம்பரில் இருந்த பெயின்ட், பேனாக்கத்தி, வாதுமைத் தோப்புக் கொட்டகை. பையன்கள் வேகத்தைக் குறைத்த பிறகு நான் சைரன் போட்டதையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் உன்னை மட்டும் சொல்லியிருந்தால் நான் இன்னொரு தரம் உன்னைக் கைவிட்டவன் ஆகியிருப்பேன்.

அம்மா மூன்றாம் வரிசையில் சோலெடாட்டின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் முன்னமே சொல்லி அவளை வீட்டில் இருக்க வைத்திருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. "என் மகன்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும், அவள் அந்தக் கையை மெல்ல விட்டாள். தான் பிடித்திருக்கக் கூடாத கை என்று நினைத்தாள் போலிருக்கிறது. சோலெடாட் அதைத் திரும்பப் பிடிக்கவில்லை. எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வீட்டில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வாரா வாரம் அந்தப் பொம்பளை முன்னால உக்காந்து, தைரியமா இருங்க, கர்த்தர் பாத்துப்பாருன்னு சொன்னேனே, ஹார்லன். என்னை ஏன் அங்க போகவிட்ட?" அழுதுகொண்டு கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. இப்போது உன் அறையில் படுக்கிறாள்.

சட்டைப் பேட்ஜையும் துப்பாக்கியையும் நேற்றே கொடுத்துவிட்டேன். தலைமை அதிகாரி வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார், முகம் பார்த்துப் பேசவில்லை. பொய் ரிப்போர்ட்டுக்கு என் மேல் தனி வழக்கு வரும். வரட்டும். இன்று காலை நானே போய்த் தார்ப்பாயை எடுத்துவிட்டு, உன் வண்டியைக் கட்டி இழுத்து வந்து மாவட்டக் கிடங்கில் ஒப்படைத்தேன். வழியில் லெஸ்டரும் இன்னும் இருவரும் சாலையோரம் நின்று பார்த்தார்கள். லெஸ்டர் மட்டும் தொப்பியை எடுத்தான். அது எனக்கா, வண்டிக்கா, உனக்கா, தெரியாது.

ராமிரோ மேலிருந்த பெரிய குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். சாலையில் பந்தயம் ஓட்டிய குற்றம் மட்டும் நிற்கிறது. மூன்று மாதம் உள்ளே இருந்ததே அதற்குப் போதும் என்று அடுத்த வாரம் விட்டுவிடுவார்களாம். ஆனால் அவன் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃபிரெஸ்னோவில் மாமா வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறானாம். என்னிடம் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. நடைபாதையில் அவனை அழைத்துப் போகும்போது ஒரு கணம் நின்று, "டெல் நல்லா இருக்கானா?" என்று கேட்டான். நான் தலையாட்டுவதற்குள், "நான் கேட்டேன்னு சொல்லாதீங்க" என்றான். சொல்லாதே என்றான், சொல்லிவிட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நட்ஸன் அம்மாவின் வீட்டுக்கும் போனேன். வலைக் கதவுக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கதவைத் திறக்கவில்லை. "நாப்பத்தியோரு வருஷம் அவரோட வாழ்ந்தேன். அவரு எப்படிச் செத்தாருன்னு மூணு மாசம் எனக்குப் பொய் சொல்லிட்டீங்களே" என்றார். அவ்வளவுதான்.

இனி உன் விஷயம்.

உன்னை அழைத்துவர வாரன்ட் போடுகிறார்கள். திங்கட்கிழமை காலை வரை அனுப்ப வேண்டாம் என்று அரசு வக்கீலிடம் கேட்டேன். என்னைப் பார்க்கவே பிடிக்காத முகத்தோடு, சரி என்றார். திங்களன்று ராணுவப் போலீஸ் உன் கட்டிலைத் தேடி வரும். இந்தக் கடிதம் சனிக்கிழமை வந்தால், நடுவில் உனக்கு ஒரு ஞாயிறு இருக்கிறது.

உன் முகாமிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சிப்பாய்களை வெளியே விடுவார்கள் என்றும் தெரியும். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கினேன். அது தப்பிப்பதற்காக வாங்கிய நாள் இல்லை. ஆனால் அப்படியும் ஒரு வழி இருந்தால்தான், நீ மற்ற வழியில் போவதற்கு அர்த்தம் இருக்கும். இதுவரை நீ எங்கே போக வேண்டும் என்பதை நானே முடிவு செய்தேன். சைரனால் துரத்தினேன், பிறகு பட்டாளத்துக்கு ஓட்டினேன். உன்னை நீயாக நிற்க நான் ஒரு தரம்கூட விடவில்லை.

நிற்க வேண்டும் என்று நீ நினைத்தாய். கார் ஷெட்டில் நீ சொன்னதை நான் நம்புகிறேன். ஜட்ஜிடமும் அதைச் சொல், அதே வார்த்தைகளில். பையனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பதும் பையன் தானாக வந்தான் என்பதும் ஒன்றல்ல. தண்டனையில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்து இதைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் ராமிரோவை ஏதாவது ஒரு தெருவில் பார்க்க நேர்ந்தால் நீ தலையைத் தூக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அம்மா இதில் எழுத ஒன்றும் தரவில்லை. ஆனால் உறைமேல் முகவரியை அவள்தான் எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தால் தபால்காரர் தவறவிடப்போகிறாரே என்று இரண்டாவது உறையில் மறுபடியும் எழுதினாள்.

படித்து முடித்ததும் முகத்தைக் கழுவு. சட்டையைச் சரிசெய்துகொண்டு உன் கேப்டனின் அறைக்கு நடந்து போ. ஓடாதே, நட. பெயரைச் சொல், நடந்ததைச் சொல், உட்காரச் சொன்னால் உட்கார்.

இறைவன் உன் கூட நடந்து வரட்டும். உன்னைக் கொண்டுவரும் ரயில் எந்த நாள் என்றாலும் நான் ஸ்டேஷன் மேடையில் நிற்பேன். உனக்கு இரண்டு பக்கமும் யார் வந்தாலும், கையில் எது பூட்டியிருந்தாலும், நிற்பேன். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்காமலேயே போ. வந்துவிடு, அது போதும்.

அப்பா